அந்த மூன்றாவது ரன்!

220 ரன் குவித்த மேட்ச் எல்லாம் மறுநாளே மறந்துபோகிறது. ஆனால், 129 ரன் மேட்ச் ஒன்று இத்தனை வருடமாகியும் எனக்கு மறக்கவே இல்லை.

2017, மே 21. ஹைதராபாத்தில் ஐ.பி.எல் ஃபைனல். மும்பை இந்தியன்ஸும் ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட்டும் மோதின. சி.எஸ்.கே தடையில் இருந்த காலம். தோனி புனேவுக்கு ஆடியதால், நம்ம ஊர் சப்போர்ட்டும் புனேவுக்குத்தான்.

நான் அப்போது குற்றாலத்தில், மாமா கடையில் இருந்தேன். துண்டு, சோப்பு, எண்ணெய் விற்கும் சின்னக் கடை. சாரல் தொடங்கவில்லை, அருவியில் பாறைதான் தெரிந்தது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நினைத்ததைவிட மார்க் கம்மி. வீட்டில் முகம் காட்டப் பிடிக்காமல்தான் அங்கே போயிருந்தேன்.

மும்பை 79 ரன்னுக்கு 7 விக்கெட்டை இழந்தது. க்ருணால் பாண்டியா 47 அடித்து எப்படியோ 129-க்கு இழுத்து வந்தார். "இவ்ளோதானா? மேட்ச் முடிஞ்சுது மாமா" என்றேன்.

"ஏலே மாப்ளே, சீசன்ல நூறு ரூவா குறைஞ்சாலும் எனக்குத் தெரியாது. இப்ப பத்து ரூவா குறைஞ்சாலும் ராத்திரி தூக்கம் வராது. கம்மியா இருந்தாதான்லே ஒவ்வொண்ணுக்கும் மதிப்பு. பேசாமப் பாரு!"

பேசாமல் பார்த்தேன். கடைசி ஓவரில் புனேவுக்கு 11 ரன் தேவை. பந்து மிட்செல் ஜான்சன் கையில். முதல் பந்தில் மனோஜ் திவாரி பவுண்டரி. அடுத்த பந்தில் அவுட். அதற்கடுத்த பந்தில், 51 ரன் எடுத்திருந்த கேப்டன் ஸ்மித்தும் அவுட். உள்ளே வந்தார் நம்ம வாஷிங்டன் சுந்தர். வயது 17. என் வயசு!

ஒரு பை, பிறகு இரண்டு ரன். கடைசிப் பந்தில் 4 ரன் தேவை. டேனியல் கிறிஸ்டியன் அடித்தார். இரண்டு ரன் ஓடியாச்சு. மூன்றாவதும் ஓடியிருந்தால் டை, சூப்பர் ஓவர். ஓடினார்கள். ரன் அவுட்! புனே 128. ஒரு ரன்னில் கோப்பை மும்பைக்குப் போனது.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களுக்கு இந்தத் தவிப்பு பழகிய ஒன்று. 1991 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் 9 இன்னிங்ஸ் முடிந்தும் இரு அணிக்கும் ரன்னே இல்லை. 10-வது இன்னிங்ஸில் கிடைத்த ஒரே ரன்னில் மின்னசோட்டா ட்வின்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸை வென்றது. அதுவரை ட்வின்ஸுக்கு ஒரே ஆளாகப் பந்து வீசியவர் ஜாக் மோரிஸ். அந்த ஆட்டத்தை அங்கே இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அன்று ராத்திரி தோற்றவர்களில் ஒருவராகத்தான் வாஷிங்டன் வெளியேறினார். ஆனால், ஸ்கோர்கார்டை இன்னொரு முறை பாருங்கள். 4 ஓவரில் அவர் கொடுத்தது வெறும் 13 ரன். விக்கெட் இல்லை, யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை. ஆனால், மும்பை 129-லேயே நின்றதில் அந்த நான்கு ஓவருக்கும் பங்கு உண்டு. அதே வருடம் டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில், தன் முதல் டெஸ்ட்டிலேயே 62 ரன் அடித்தார். இந்தியா ஜெயித்தது.

டி.வி-யை அணைத்துவிட்டு மாமா கேட்டார்: "மார்க்கு எவ்வளவுன்னு இதுவரைக்கும் சொல்லவே இல்லியேலே?"

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். "சரி, அதுல என்ன படிக்கலாம்னு பாப்போம்" என்றபடி ஷட்டரை இறக்கினார். பிறகு ஜர்னலிசம் டிப்ளமோ. இதோ, உங்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது கம்மி ஸ்கோரோடு உட்கார்ந்திருந்தால், கூடப் போய்க் கொஞ்சம் உட்காருங்கள் மக்களே. மேட்ச் இன்னும் முடியவில்லை!