சான்றிதழ் சுவரில் இருந்தால் போதாது: மருந்தாளுநர் படிப்பும் பயிற்சியும் குறித்து எங்கள் நிலைப்பாடு

சோழபுரத்திலும் சுற்று ஊர்களிலும் சளி, காய்ச்சல் என்றால் ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறும் முன் பலர் போய் நிற்பது மெடிக்கலில்தான். அங்கே மருந்தை எடுத்துக் கொடுப்பவர் அதற்கென்று படித்தவராக இருக்க வேண்டும் என்பதே எங்கள் மருந்தாளுநர் சங்கத்தின் நிலைப்பாடு. மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் மருந்து வழங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆவது பிரிவும் சொல்கிறது.

ஆனால் பல இடங்களில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது. அதற்குரியவர் வேறு ஊரில் வேறு வேலை பார்க்கிறார். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கொடுத்துவிடும் இந்த வழக்கத்தை, எங்கள் உறுப்பினரே செய்தாலும் எதிர்ப்போம். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களை மனதார வரவேற்கிறோம். மருந்தியல் படித்தவரின் ஒப்புதலோடு மற்றவர்களும் அதற்கு விண்ணப்பிக்க அரசு இடம் தந்தது. அப்படி ஒப்புதல் தந்தவர் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே இருக்கிறாரா என்பதையும் அரசு பார்க்க வேண்டும்.

பல ஆண்டுகள் கடையில் நின்ற உதவியாளர்கள் அட்டையைப் பார்த்ததுமே மருந்தைச் சொல்லிவிடுவார்கள். அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் வார்பரின் சாப்பிடும் இதய நோயாளி மூட்டு வலிக்கு டைக்ளோபினாக்கும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்பது படித்தால்தான் தெரியும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. பிள்ளைக்குச் சளி என்று தாய் வந்து நின்றால், "வயசு என்னம்மா?" என்று முதலில் கேட்பவரே மருந்தாளுநர்.

பிளஸ் டூவில் அறிவியல் படித்தவருக்கு டி.பார்ம் 2 ஆண்டு, பி.பார்ம் 4 ஆண்டு, பார்ம்.டி 6 ஆண்டு. டி.பார்ம் முடித்தவர் குறைந்தது 500 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். அதில் பாதியாவது சீட்டைப் பார்த்து மருந்து வழங்கும் வேலையாக இருக்க வேண்டும். இது வெறும் கையெழுத்தாக முடிந்துவிடக் கூடாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கூடுதல் இடம் கேட்கிறோம். டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் எழுத வேண்டும் என்று 2022இல் விதித்த தேர்வையும் ஆதரிக்கிறோம்.

கடை உரிமையாளர்களே, மருந்தாளுநருக்கு முழுச் சம்பளம் கொடுத்துக் கடையில் அமர்த்துங்கள். தகுதியுள்ள உதவியாளரைப் படிக்க அனுப்புங்கள். கிருஷ்ணன்கோவிலிலேயே மருந்தியல் கல்லூரி இருக்கிறது. மருந்து வாங்க வருவோரே, "இங்கே மருந்தாளுநர் யார்?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.