பெட்டியின் எடையும் பணத்தின் குறியும்



விமானப் பயணம் செல்வர்க்கு மட்டுமே உரியது என்றிருந்த காலம் மறைந்துவிட்டது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் மலிவுக் கட்டண விமானங்கள் பறக்கின்றன. கடல் கடந்து வேலை பார்க்கும் மகன் பெற்றோரை அழைக்கிறான். பேறுகாலத்தில் துணையிருக்கத் தாய் மகளிடம் செல்கிறாள். இவ்வாறு முதன்முறையாக விமானம் ஏறும் இல்லங்களுக்குப் பெருங்கவலை தருபவை இரண்டு சிறிய செய்திகள். ஒன்று, பெட்டியின் எடை. மற்றொன்று, கணிப்பொறித் திரையில் விலைக்கு முன்னால் நிற்கும் பணக்குறி. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் "உண்மையில் நாம் கொடுக்கவேண்டிய தொகை எவ்வளவு?" என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும் அடங்கியிருக்கிறது. இம்மாதம் அதனை ஆராய்வோம்.

முற்காலத்தில் பயணச் சீட்டின் விலையிலேயே பெட்டிக்குரிய கூலியும் உணவின் விலையும் அடங்கியிருந்தன. மலிவுக் கட்டண நிறுவனங்கள் இம்முறையை மாற்றின. அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம் இவ்வகைக்கு முன்னோடி எனலாம். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு ஏர் டெக்கான் இம்முறையை அறிமுகப்படுத்தியது. ஐரோப்பாவில் ரயன்ஏர் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கிற்று. 2008-ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற பெரிய நிறுவனமே உள்நாட்டுப் பயணிகளிடம் முதல் பெட்டிக்கு 15 டாலர் வாங்கத் தொடங்கியது. இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றிவந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அவ்வழக்கத்தைக் கைவிட்டது.

இதற்குக் காரணம் என்ன? முதலாவது எரிபொருள். எடை கூடக் கூட எரிபொருளும் கூடும். இரண்டாவது நேரம். மலிவுக் கட்டண விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். ஒரே விமானம் ஒரே நாளில் பலமுறை பறந்தால்தான் கட்டணத்தைக் குறைக்க இயலும். பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை இந்த நேரத்தை நீட்டுகிறது. அதற்கு ஆட்கூலியும் வேண்டும். மூன்றாவது காரணம் வாணிப நோக்கமாகும். சீட்டின் விலையைத் தாழ்வாகக் காட்டி மக்களை ஈர்த்து, பெட்டிக்கும் இருக்கைக்கும் உணவுக்கும் தனித்தனியே வாங்கிவிடலாம். பெட்டியே இல்லாமல் செல்பவர், பெட்டியுடன் செல்பவரின் கூலியைச் சுமக்க வேண்டியதில்லை என்று அந்நிறுவனங்கள் கூறுகின்றன. இக்கூற்றில் நியாயமுண்டு. ஆயினும் குழந்தையுடன் செல்லும் தாயும், மருந்துகளுடன் செல்லும் முதியவரும் பெட்டியைத் தவிர்ப்பது எங்ஙனம்? மலிவு என்று விளம்பரப்படுத்தப்பட்ட சீட்டு இவர்களுக்கே மலிவாக அமைவதில்லை.

இவ்வழக்கு நீதிமன்றங்களுக்கும் சென்றுள்ளது. 2014-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு தெளிவைத் தந்தது. நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். ஆனால் எடையிலும் அளவிலும் நியாயமான கைப்பை பயணத்திற்கு இன்றியமையாதது, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்பதே அதன் கருத்து. 'நியாயமான அளவு' எது என்பதில்தான் இன்றுவரை பிணக்கு நீடிக்கிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் நாட்டு அரசு, கைப்பைக் கட்டணம் முதலிய காரணங்களுக்காக ஐந்து மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ தண்டம் விதித்தது. அந்நிறுவனங்கள் அதை ஏற்க மறுத்தன. 2025-ஆம் ஆண்டில் ஐரோப்பிய விமான நிறுவனங்களின் சங்கம் ஒன்று, 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 15 செ.மீ. கனமும் உள்ள சிறு பையைக் கட்டணமின்றி ஏற்பதெனத் தன் உறுப்பினர்களிடையே முடிவுசெய்தது. பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை அளவுதான் அது.

நம் நாட்டு நிலைமை சற்று வேறு. உள்நாட்டு மலிவுக் கட்டண விமானங்களில் சாதாரணச் சீட்டுக்கு 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதிப்பது பொது வழக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் நிறுவனத்திற்கு நிறுவனம், சீட்டுக்குச் சீட்டு இவ்வளவு மாறும். சில சீட்டுகளில் ஒப்படைக்கும் பெட்டிக்கு இடமே இராது. எனவே சீட்டு வாங்குமுன் எடை வரம்பைப் படித்தறிவது முதற்கடமை.

இல்லத்தரசிகள் மனத்தில் இருத்தவேண்டிய குறிப்புகள் சிலவற்றைக் கூறுவோம்.

பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். எடை காட்டும் தராசில் முதலில் நீங்கள் ஏறி நின்று, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றால் வித்தியாசமே பெட்டியின் எடை. வெற்றுப் பெட்டியே நான்கு அல்லது ஐந்து கிலோ இருக்கக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கூடுதல் எடை வேண்டுமென்று தெரிந்தால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சீட்டுடன் வாங்கினால் ஒரு விலை. விமான நிலையத்தில் கொடுத்தால் அதைவிட மிகுந்த விலை. அங்கே கிலோ கணக்கில் தண்டும் கூலி, ஒரு கிலோ முறுக்கின் விலையைப் பெரும்பாலும் மிஞ்சிவிடும். மகன் விரும்பியுண்ணும் பண்டம் என்று தாய் கட்டிக் கொடுத்ததை விமான நிலையத் தரையில் பிரித்துப் போட்டு, எதை விடுவது என்று கண் கலங்குவதைக் காட்டிலும், வீட்டிலேயே அளவறிந்து கட்டுவது நன்று.

எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டலாகாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. கூடுதல் பணம் கொடுத்தாலும் இதற்கு விலக்கில்லை. பெட்டியைத் தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காக்கும் விதி இது. எனவே பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறிய பெட்டிகள் இரண்டு மேல். ஆனால் சில நிறுவனங்கள் எடையோடு பெட்டியின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துள்ளன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் கருவியைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். அதிலுள்ள லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் பயணிகள் பகுதியில் உடனே அணைத்துவிடலாம். சரக்கு அறையில் அது இயலாது. உலர்ந்த கொப்பரைத் தேங்காயோ, எண்ணெய் மிகுந்து எளிதில் தீப்பற்றுவதாகலின், 2022-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாத பொருள்களுள் சேர்க்கப்பட்டுள்ளது.

பெட்டி சேதமடைந்தாலோ வராமற்போனாலோ வாய்மொழியாகக் கூறிவிட்டு வந்துவிடாதீர்கள். பன்னாட்டுப் பயணங்களுக்குரிய 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்திற்கு 7 நாட்களுக்குள்ளும் தாமதத்திற்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இந்தியா 2009-ஆம் ஆண்டு இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. ஒரு பயணிக்குரிய இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதி முதல் 1,519 'சிறப்பு எடுப்புரிமை' அலகுகள் ஆகும். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இதற்குக் காசும் இல்லை, நோட்டும் இல்லை. அமெரிக்க டாலர், யூரோ, சீன யுவான், ஜப்பானிய யென், பிரிட்டிஷ் பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களின் மதிப்பைச் சேர்த்து இது கணக்கிடப்படுகிறது.

நாணயங்களைப் பற்றிப் பேச நேர்ந்தமையால் இரண்டாவது செய்திக்கு வருவோம்.

சீட்டு மின்னஞ்சலில் வருகிறது. திறந்து பார்த்தால் '40' என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டமோ, கேள்விக்குறியோ நிற்கிறது. பெட்டியொன்றுக்கு 40 என்பது புரிகிறது. ஆனால் நாற்பது எது? ரூபாயா, யூரோவா, சிங்கப்பூர் டாலரா? நாற்பது ரூபாயில் தேநீர் அருந்தலாம். நாற்பது யூரோவோ பல ஆயிரம் ரூபாய். ஒரு சிறு குறி காணாமற்போனதால் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவே கணக்கில் தவறிவிடக் கூடும்.

இக்குறி ஏன் மறைகிறது? கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலை மனிதர்தாம் வகுத்தளிக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்னும் பட்டியலில் 128 இடங்களே இருந்தன. பணக்குறிகளுள் டாலர் ($) ஒன்றுக்கே அதில் இடம் கிடைத்தது. பிரிட்டிஷார் தம் பவுண்டு குறியை (£) வைக்க, அப்பட்டியலில் # என்ற குறி இருந்த இடத்தை எடுத்துக்கொண்டனர். இதனால் ஒரு நாட்டில் £ என்று எழுதியது மறுநாட்டில் # என்று தெரிந்தது.

யூரோவின் கதை இன்னும் சுவையானது. அதன் குறியை (€) 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. அப்போது உலகெங்கும் கணிப்பொறிகள் நிறைந்திருந்தன. எதிலும் அக்குறி இல்லை. பிறகு அதனை ஒரு பட்டியல் ஓரிடத்திலும், விண்டோசின் பட்டியல் வேறோரிடத்திலும் வைத்தன. எழுதுபவர் ஒரு பட்டியலையும் படிப்பவர் மற்றொரு பட்டியலையும் கொண்டிருந்தால் குறி மாறிவிடும் அன்றோ?

இக்குழப்பத்தை நீக்க எழுந்ததே யூனிகோடு. உலகின் மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்பது அதன் நோக்கம். ஆனால் அதன் பரவலான முறையில் பவுண்டு குறி இரண்டு எண்களாகவும், யூரோவும் ரூபாயும் மும்மூன்று எண்களாகவும் எழுதப்படுகின்றன. பழைய முறையில் படிக்கும் கணிப்பொறி ஒவ்வோர் எண்ணையும் தனித்தனி எழுத்தாகக் காட்டிவிடுகிறது. அதனாலேயே பவுண்டு குறிக்கு முன்னால், தலையில் தொப்பி அணிந்த ஆங்கில 'ஏ' எழுத்து ஒன்று வேண்டாத விருந்தாளியாக வந்து நிற்கிறது.

நம் ரூபாய்க் குறி (₹) 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவையால் ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார். தேவநாகரி 'ர' எழுத்தும் ரோமன் 'ஆர்' எழுத்தும் அதில் இணைந்துள்ளன. அவ்வாண்டு அக்டோபரிலேயே யூனிகோடு பட்டியலில் அது இடம்பெற்றது. எனினும் பட்டியலில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. கணிப்பொறியின் எழுத்துருவிலும் அதன் வடிவம் இருக்கவேண்டும். அது இல்லாத பழைய கணிப்பொறி வெற்றுக் கட்டத்தையே காட்டும். தமிழுக்கென முன்னோர் கணக்கேடுகளில் வழங்கிய ரூபாய்க் குறியும் (௹) 2003-ஆம் ஆண்டு முதல் யூனிகோடு பட்டியலில் உள்ளது என்பதை நம் இளைஞர் அறிந்து மகிழலாம்.

குறி தெளிவாகத் தெரிந்தாலும் எச்சரிக்கை வேண்டும். $ என்பது அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பொது. ¥ என்பது ஜப்பானுக்கும் சீனாவுக்கும் பொது. ரூபாய் என்ற பெயரோ இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் நேபாளத்துக்கும் மொரீசியசுக்கும் உண்டு. ஆகவே குறியை நம்பாமல், தொகையுடன் அச்சிட்டிருக்கும் மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் பாருங்கள். ஐ.என்.ஆர். என்றால் இந்திய ரூபாய், எல்.கே.ஆர். இலங்கை ரூபாய்; எஸ்.ஜி.டி. சிங்கப்பூர் டாலர்; இ.யு.ஆர். யூரோ. 1978-ஆம் ஆண்டு முதல் வழங்கும் பன்னாட்டுத் தரம் இது. சாதாரண எழுத்துகளால் ஆனதால் எந்தக் கணிப்பொறியிலும் மறையாது.

மற்றும் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி நிற்கும். அங்கே 1.200 என்றால் ஆயிரத்து இருநூறு; ஒன்று புள்ளி இரண்டு அன்று. வெளிநாட்டில் அட்டை வழியே பணம் செலுத்தும்போது, "உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்டால், அந்நாட்டு நாணயத்திலேயே செலுத்துவது பெரும்பாலும் இலாபம். நம் வசதிக்காக மாற்றித் தருவதுபோல் தோன்றும் அக்கணக்கில் மாற்று விகிதம் வழக்கமாக நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

ஆகவே, அன்பர்களே, சீட்டு வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். சீட்டின் விலை, பெட்டியின் கூலி, இருக்கை, உணவு ஆகிய யாவற்றையும் ஒரே நாணயத்தில் எழுதிக் கூட்டுங்கள். போகும் கணக்கோடு திரும்பி வரும் கணக்கையும் எழுதுங்கள். வரும்போது பெட்டி கனக்கும் என்பது அனுபவம். பிறகு அம்மொத்தத்தை, பெட்டியையும் உணவையும் சேர்த்தே விலை கூறும் பிற நிறுவனங்களின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். சில வேளைகளில் மலிவு என்று எண்ணியது மலிவன்று என்பது அத்தாளிலேயே விளங்கிவிடும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இக்கணக்கை அவனிடமோ அவளிடமோ ஒப்படையுங்கள். பாட்டியின் பெட்டியைத் தராசில் நிறுத்து, கூலியைக் கணக்கிட்டுச் சொல்லும் பிள்ளை, பள்ளிப் பாடத்தின் பயனையும் அன்று உணர்ந்துகொள்ளும்.