கம்பி வலைக்கு அப்பால்

1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி, அமெரிக்காவின் டென்வர் நகரில் எண்கோணக் கூண்டொன்றினுள் 'அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்' முதன்முதலாக நடந்தேறியது. இத்தகைய கூண்டுச் சண்டைகளைப் படம் பிடிப்போருக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று கம்பி வலை, மற்றையது வேகம்.

வலையை வெல்லும் வழி எளிது. வில்லையை வலையோடு ஒட்டினாற்போல் வைத்து, துவாரத்தை எப் 2.8 அளவுக்கு அகலத் திறந்தால், அண்மையிலுள்ள கம்பி மங்கிக் கரைய, வீரர் மட்டுமே துலங்குவார். கமரா தானாகவே கம்பியில் குவியாதபடி, ஒற்றைக் குவியப் புள்ளியைத் தெரிந்து வீரரின் முகத்தில் நிறுத்துதல் வேண்டும். கூண்டின் மறுபுறத்தே நிற்போரைப் பிடிக்க 70–200 மில்லிமீற்றர் வில்லையும், வலையருகே புரள்வோரைப் பிடிக்க 24–70 மில்லிமீற்றர் வில்லையும் பொருந்தும். பாடசாலை மைதானத்துக் கம்பி வேலியூடாக மாணவர் இதனைப் பழகிப் பார்க்கலாம்.

வேகத்தை வெல்ல 1/1000 செக்கன் வேண்டும். 1/250 ஆக்கினால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். ஆனால் குத்தும் கை புகைபோலக் கலங்கிவிடும். ஆகவே ஒளி போதாதவிடத்து ஐ.எஸ்.ஓ. அளவை 3200க்கு உயர்த்துவதே முறை. படத்தில் சிறு மணிகள் தோன்றும், தோன்றட்டும்.

கமராவின் பிளாஷ் விளக்கை மாத்திரம் தொடலாகாது. எதிரியின் கையைக் கண்கொண்டே தடுக்கும் ஒருவரின் பார்வையைக் கணநேரம் பறித்தாலும், அவரை அடிக்குக் காட்டிக்கொடுத்தவராவோம். நல்ல படத்தினும் அவர் கண்கள் பெரியன என்பதே நம் துணிபு.