பெட்டியில் 64 ஜிபி, உள்ளே எவ்வளவு?

மாணவர்களே, இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் இருபது, முப்பது ரிங்கிட்டுக்கு எம்பி3 பிளேயர்கள் கிடைக்கின்றன. பெட்டியில் 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். கணினியில் செருகினாலும் ஏறக்குறைய அதே எண் தெரியும். உங்களில் பலர் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறீர்கள். என்னைக் கேட்டால், அந்த எண்ணைப் பார்ப்பது சோதனையே அல்ல.

கணினி நினைவகத்தை அளந்து பார்ப்பதில்லை. "உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கருவியிடம் கேட்கிறது. கருவியில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு பதில் சொல்கிறது. உள்ளே 4 ஜிபி நினைவகத்தை மட்டும் வைத்துவிட்டு, 64 என்று சொல்லும்படி அந்தச் சில்லின் நிரலை மாற்றினால் போதும், கணினி நம்பிவிடும். அறிவியல் கூடத்தில் நீரை ஊற்றி அளக்காமல், போத்தலில் ஒட்டிய தாளைப் பார்த்தே கொள்ளளவை எழுதினால் நான் மதிப்பெண் தருவேனா?

இந்த மோசடி உடனே பிடிபடாததற்குக் காரணம் சாதாரணக் கணக்குதான். விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிவான 4 நிமிடப் பாடல் 3.84 மெகாபைட். ஆகவே 4 ஜிபியிலேயே ஆயிரம் பாடல்கள் அடங்கும். வாங்கிய அன்று முப்பது பாடல்களை ஏற்றுவீர்கள். எல்லாம் நன்றாகப் பாடும். உண்மையான எல்லையைத் தாண்டும்போதுதான் வினை. சில கருவிகள் அதற்குமேல் வரும் தரவை அப்படியே தொலைத்துவிடும். சில மறுபடியும் தொடக்கத்திலிருந்து எழுதிப் பழையதை அழித்துவிடும். பல சமயங்களில் கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும், பாட்டு வராது.

பாட்டுப் போனால் வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம். அதே கருவியில் பதிவு செய்த பாட்டியின் குரல் போனால்?

எனவே வாங்கியவுடன் நிரப்பிப் பாருங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் காலி இடம் முழுவதும் தரவை எழுதி, பிறகு அதையே திரும்பப் படித்து ஒப்பிடும். கருவியில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் முதலில் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். விநாடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் 64 ஜிபியை நிரப்ப மூன்றரை மணி நேரம் ஆகும். ஆகட்டும், அதற்குள் வீட்டுப்பாடத்தை முடிக்கலாம். மென்பொருள் இல்லையென்றால் நிறையும்வரை பாடல்களை ஏற்றி, கருவியைக் கழற்றி மீண்டும் செருகி, முதலில் ஏற்றியதையும் கடைசியில் ஏற்றியதையும் கேளுங்கள். கழற்றுவது முக்கியம், இல்லாவிட்டால் கணினி தன் சொந்த நினைவகத்தில் வைத்திருப்பதையே எடுத்துக் காட்டக்கூடும்.

ஒன்றில் மட்டும் விற்பவரைத் திட்டாதீர்கள். 64 ஜிபி கருவி விண்டோஸில் 59.6 என்று காட்டினால் அது மோசடி இல்லை. தயாரிப்பாளர் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் கணக்கிடுகிறது.

"இந்த விலைக்கு இவ்வளவுதான்" என்று பெரியவர்கள் சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை குறைவாக இருக்கலாம், பெட்டியில் பொய் இருக்கக்கூடாது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. அதன்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யக் கட்டணம் 5 ரிங்கிட். சோதனை முடிவைப் படம்பிடித்து, ரசீதோடு பெற்றோரிடம் கொடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், சோதனை முடியும்வரை "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.