கிளிஞ்சல் குற்றவாளி அல்ல

மணலி புதுநகரில் வீட்டுக்கு முன்னால் நாலு செடி வைத்திருக்கும் எவரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் திறந்துவிடப்பட்டு இங்கே தெருக்களில் நின்றது. அதைப் பார்த்தவர்கள் அடுத்த மழைக்குள் வாசலை அரை அடியாவது உயர்த்த நினைப்பது நியாயம்தான். ஒரு லோடு ரப்பீஸ் வந்து இறங்கும்: இடித்த வீட்டின் செங்கல் துண்டு, உதிர்ந்த பூச்சு, சிமென்ட் தூள். அதன்மேல் சில சட்டி செம்மண், அதில் ஓர் இட்லிப்பூ, ஒரு செம்பருத்தி, ஓர் எலுமிச்சை. சில மாதங்களில் கொழுந்து மஞ்சளாகும்.

உடனே தீர்ப்பு வந்துவிடும்: “மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தி.” பிறகு மண்ணைக் கிளறிக் கண்ணில் படும் கிளிஞ்சலையும் வெள்ளைக் கல்லையும் பொறுக்கி வெளியே எறிவார்கள். அதே வாரம், வலைக்காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, நொறுக்கிய முட்டை ஓட்டைச் செடிக்குச் ‘சத்து’ என்று போடவும் செய்வார்கள். முட்டை ஓடும் கிளிஞ்சலும் பெரும்பகுதி ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். ஒன்று விஷமாம், இன்னொன்று மருந்தாம்!

சுண்ணாம்பு என்ற தீர்ப்பு பெரும்பாலும் சரி. தண்டனைதான் ஆள் மாறிப் போகிறது.

சுண்ணாம்பு எங்கிருந்தாலும் சுண்ணாம்புதான், எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமே கேள்வி என்ற நம்பிக்கை வீட்டுத்தோட்டத்தோடு நிற்பதில்லை. கொங்கு நாட்டுச் சுக்கான் நிலம் வரைக்கும் அது பரவிக் கிடக்கிறது. சுக்காங்கல் என்ற சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் நிலம் மட்டம், தெரியாவிட்டால் நல்ல நிலம் என்று விலை பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் வேரோடு சண்டைக்கு வருவது சுண்ணாம்பின் எடை இல்லை, அதன் மேற்பரப்பு.

கணக்கு எளிது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சுண்ணாம்புக் கல் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 2.7 கிராம், வெளியே தெரியும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் ஆயிரம் கட்டி, பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். ஒரு மைக்ரான் அளவுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு நறுக்கினால் பரப்பு 6 சதுர மீட்டர். ஏறக்குறைய 65 சதுர அடி, ஒரு சின்ன சமையலறையின் தரை. கல் அதேதான், எடையும் அதேதான். தண்ணீரும் வேர் சுரக்கும் அமிலமும் தொடக்கூடிய இடம் மட்டும் பத்தாயிரம் மடங்கு பெருகிவிட்டது. மண்ணில் இருக்கும் துகள்கள் இப்படிச் சீரான கட்டிகள் அல்ல. சொரசொரப்பும் துளைகளும் உள்ளவை என்பதால் உண்மையான பரப்பு இதைவிடக் கூடும்.

ஆகவே தொட்டியில் கிடக்கும் முழுக் கிளிஞ்சல் கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கே தெரியாமல் களிமண்ணோடு கலந்திருக்கும் மாவுதான் வேலை செய்கிறது. பொறுக்கி எறிய முடியாததும் அதுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தான் பழைய மதராஸின் சுவர்கள் எழுந்தன. பளிங்குபோல் மின்னிய அந்தப் பூச்சை வெள்ளைக்காரர்கள் ‘மதராஸ் சுண்ணாம்பு’ என்று வியந்து எழுதினார்கள். காளவாயில் நடந்தது என்ன? கிளிஞ்சலைச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொடியாகும். சுவரில் பூசியதும், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகும். ஓடாகப் போன பொருள், மிக நுண்ணிய படிகங்களாகத் திரும்பி வருகிறது. (அந்தக் காலத்துக் கொத்தனார் முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்பில் சேர்த்தார். இந்தக் காலத்துத் தோட்டக்காரர் ஓட்டைத் தொட்டியில் சேர்க்கிறார். இருவரில் முட்டையின் குணம் அறிந்தவர் கொத்தனார்தான்.)

சிமென்ட் காரையும் இறுகும்போது சுண்ணாம்பை வெளியிடுகிறது. அதுவும் காற்றுப் பட்டுப் பட்டு நுண்ணிய கார்பனேட்டாக மாறுகிறது. எனவே எண்ணூர்க் கரையிலிருந்து மணலோடு வந்த கிளிஞ்சலைவிட, இடித்த சுவரிலிருந்து வந்த ரப்பீஸ் பல மடங்கு வீரியமானது. வாசலை உயர்த்தியவர் தன் கையாலேயே சுண்ணாம்பு மண்ணை விலைக்கு வாங்கிக் கொட்டியிருக்கிறார்.

கொழுந்து ஏன் மஞ்சளாகிறது? நுண்ணிய சுண்ணாம்பு தண்ணீரில் சிறிது கரைந்து பைகார்பனேட்டைத் தருகிறது. வேர் எவ்வளவு அமிலம் சுரந்தாலும் அது உடனுக்குடன் தின்றுவிடுகிறது. மண்ணின் பி.எச். 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் பிடிவாதமாக நிற்கும். பி.எச். ஒரு எண் ஏறினால், கரைசலில் இருக்கக்கூடிய ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. செடிக்குள் இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராது. அதனால் முதலில் வெளுப்பது கொழுந்து, அதுவும் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும். அடியிலுள்ள பழைய இலை முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் யூரியாவை அள்ளிப் போடுவது, மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை இருக்கும் மணலியிலேயே நடக்கிற வேடிக்கை.

இன்னொரு கட்சி, எல்லாவற்றுக்கும் கம்பெனிப் புகைதான் காரணம் என்கிறது. மணலியின் மாசு பொய்யல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் மணலியும் இருந்தது. ஆனால் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் கொழுந்து மட்டும் வெளுப்பது புகையின் கையெழுத்து அல்ல. செய்யாத குற்றத்தையும் ஆலைமேல் போட்டால், செய்த குற்றத்தைப் பேசும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இரும்புச் சத்துக்காகத் துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைக்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சாதாரண மண்ணில் எடையில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் இரும்புதான். பத்துக் கிலோ மண் கொண்ட தொட்டியில் ஏற்கெனவே நூறு கிராமுக்கு மேல் இரும்பு கிடக்கிறது. அதையே கரைக்க முடியாமல் தவிக்கும் வேருக்கு இன்னும் இரண்டு ஆணி எதற்கு?

எடையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். பூச்சி தோற்றது, ஆனால் சுண்ணாம்பு நிலங்களில் கொடிகள் மஞ்சளாகிச் செத்தன. 1887-இல் பியேர் வியாலா என்ற அறிஞரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் மன்சன் காட்டிய வழியில், அந்த மாநிலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் இயல்பாக வளரும் பெர்லாண்டியேரி கொடி கிடைத்தது. ஆனாலும் ஒரு புதிர் மிஞ்சியது: மொத்தச் சுண்ணாம்பு ஒரே அளவாக இருக்கும் இரண்டு தோட்டங்களில் ஒன்று செழிக்கிறது, மற்றது வெளுக்கிறது. 1942-இல் த்ருயினோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் மண்ணை அம்மோனியம் ஆக்சலேட் கரைசலில் குறிப்பிட்ட நேரம் குலுக்கி, அதற்குள் வினைபுரிகிற சுண்ணாம்பை மட்டும் அளக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு ‘செயல்படும் சுண்ணாம்பு’ என்று பெயர். எந்த வேர்க்கொடியை எங்கே நடுவது என்று பிரான்ஸில் இன்றும் அந்த எண்ணையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

மொத்த அளவுக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பெரிய கட்டிகள் காலப்போக்கில் தேய்ந்து மாவைத் தந்துகொண்டே இருக்கும். ஆனால் அது பல ஆண்டுகளின் கதை. இந்த மாதம் மஞ்சளான எலுமிச்சைக்கு அது பதிலாகாது.

புளிப்பை ஊற்றிச் சுண்ணாம்பைத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையும் எடையின் முன்னால் நிற்காது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றாத வீடு அபூர்வம். பத்துக் கிலோ தொட்டி மண்ணில் ஐந்து சதவீதம் நுண்சுண்ணாம்பு இருந்தால் அது அரைக் கிலோ. அதைத் தீர்க்க எலுமிச்சைச் சாறு போதுமா என்று பார்த்தால், சுமார் நானூறு பழம் பிழிய வேண்டும். மோர் என்றால் நூறு லிட்டரைத் தாண்டும். ஒரு டம்ளர் மோர் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகலாம், அதில் தவறில்லை. சுண்ணாம்பு அப்படியே இருக்கும். ஜிப்சமும் இங்கே உதவாது, அது சோடியம் மிகுந்த உவர் களர் மண்ணுக்கான மருந்து.

இதில் மிகவும் வருத்தம் தருவது தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நீரில் கடினத்தன்மையும் உப்பும் இன்னும் செறிவாக இருக்கின்றன. அது தொட்டியில் ஆவியாகும்போது படிவது புத்தம்புதிய, மிக நுண்ணிய கார்பனேட். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டி, அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். கிளிஞ்சலைப் பொறுக்கிய அதே கை, நாள்தோறும் ஒரு வாளி மாவைக் கரைத்து ஊற்றுகிறது. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. தொட்டிச் செடிக்கு அந்த நீரைவிடச் சிறந்தது வேறில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. இட்லிப்பூவையும் எலுமிச்சையையும் ரப்பீஸ் கலக்காத மண்ணும் மட்கிய எருவும் நிரப்பிய தனித் தொட்டிக்கு மாற்றுவது. அதுவரை லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மாலையில் இலையில் தெளிப்பது. நிலத்திலேயே வைத்தாக வேண்டுமென்றால், இரும்பைக் கார மண்ணிலும் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஹெச்.ஏ. வகை உரம் வாங்குவது. மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. இரும்பு சுண்ணாம்பு மண்ணில் பிடியை விட்டுவிடும். முட்டை ஓட்டை நீலகிரியின் அமில மண்ணுக்கு அனுப்பலாம், அங்கேகூட மாவாக அரைத்தால்தான் பயன்.

விவசாயிகளின் நிலையும் இதைவிட மேலானதல்ல. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் மண் வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் அச்சாகின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச்., உப்பின் அளவு, கரிமக் கார்பன். மொத்தச் சுண்ணாம்புக்கு அந்தப் பன்னிரண்டில் இடமில்லை. செயல்படும் சுண்ணாம்புக்கும் இல்லை.