சுவிட்சுக்கா விலை, படிகத்துக்கா?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் உயிரியல். காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஜீன்கிட்ட என்ன வேலைன்னு கேக்காதீங்க, சுத்தி வளைச்சு நம்ம ஏரியாவுக்குத்தான் வரப்போறேன் :-)

நம்ம 9-ஆவது குரோமோசோம்ல ஏபிஎல்1-னு ஒரு ஜீன் இருக்கு. அது தயாரிக்கிற என்சைம் ஒரு டைரோசின் கைனேஸ். ஏடிபி-யில இருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மத்த புரதங்கள் மேல ஒட்டறதுதான் அதோட வேலை. செல் எப்போ வளரணும், எப்போ ரெண்டாப் பிரியணும்ங்கிற சிக்னல்ல பாதி இப்படி ஒட்டறதாலதான் நடக்குது. வேலை இல்லாதப்போ இந்த என்சைம் தன்னைத்தானே மடக்கி அணைச்சு வச்சுக்கும்.

ரத்தம் உண்டாக்குற ஏதோ ஒரு செல்லுல 9-ம் 22-ம் உடைஞ்சு, துண்டுகளை மாத்தி ஒட்டிக்கிட்டா வந்தது வினை. ஏபிஎல்1 போய் பிசிஆர்-ங்கிற ஜீனோட ஒட்டிக்கும். அணைக்கிற பாகம் போயிடும், சுவிட்ச் எப்பவும் ஆன். வெள்ளை அணுக்கள் பெருகிக்கிட்டே போகும். இதுதான் சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய். குட்டையாப் போன 22-ஐ 1960-ல பிலடெல்பியாவுல கண்டுபிடிச்சாங்க. துண்டுகள் இடம் மாறினதுதான் காரணம்னு 1973-ல ஜேனட் ரௌலி காட்டினார்.

2001-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின இமாட்டினிப், ஏடிபி உட்கார வேண்டிய குழியில தான் போய் உட்கார்ந்துக்கும். சுவிட்ச் ஆஃப். பெரிய சோதனை ஒண்ணுல 5 வருஷம் கழிச்சு 89 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. ஆனா பெரும்பாலானவங்க தினமும், வருஷக்கணக்கா முழுங்கணும். அங்கதான் விலை வருது. 2013 வாக்குல நோவார்ட்டிஸோட கிளிவெக் மாசம் சுமார் 1,20,000 ரூபாயா இருந்துச்சு. இந்திய கம்பெனிகளோடது அப்போ 8,000-லிருந்து 10,000.

1998-ல நோவார்ட்டிஸ் நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ்லதான் விண்ணப்பம் போட்டாங்க. மூல மருந்துக்கு இல்லீங்க, அதோட ஒரு உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு! 2006-ல சென்னை ஆபீஸ் நிராகரிச்சது. பழைய பொருளின் புது வடிவத்துக்கு பேட்டன்ட் வேணும்னா பலன் கூடியிருக்கணும்னு சொல்ற 3(டி) பிரிவே செல்லாதுன்னு வாதாடினாங்க. 2007-ல சென்னை உயர் நீதிமன்றம் ஏத்துக்கல. 2013 ஏப்ரல் 1-ல உச்ச நீதிமன்றமும் கைவிரிச்சிடுச்சு. உடம்பு 30 சதவீதம் கூடுதலா உறிஞ்சுதுன்னு காட்டினது போதாது, நோயைக் குணமாக்குறதுல பலன் கூடியிருக்கணும்னு தீர்ப்பு.

என்னைக் கேட்டா இது சரியான தீர்ப்பு. நோயாளியைக் காப்பாத்தினது அந்தக் குழியில போய் உட்கார்ற மூலக்கூறு. படிகம் எப்படி இருந்தா சுவிட்சுக்கு என்ன? அப்புறம், இந்தியா மருந்தைத் திருடுதுன்னு எழுதறாங்களே, அவங்க விண்ணப்பத்தையாவது படிச்சாங்களா தெரியல.

ஆராய்ச்சிக்கு யார் காசு போடுவாங்கன்னு கேட்டா, நியாயமான கேள்வி. மூலக்கூறை உருவாக்கினது அந்தக் கம்பெனி ஆளுங்கதான். இந்தியாவுல ஆயிரக்கணக்கானவங்களுக்கு இலவசமாவும் கொடுத்தாங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா இலவசத்துக்கு கம்பெனி மனசு வைக்கணும், இந்திய கம்பெனி மாத்திரைக்கு கடைக்குப் போனா போதும். அமெரிக்காவுல 2016 வரைக்கும் ஜெனரிக் போட்டியே இல்லாம வித்து சம்பாதிச்சாங்க. அந்த வருஷம் அங்க முதல் ஜெனரிக்கை இறக்கினது யார் தெரியுமா? நம்ம ஊரு சன் பார்மா.