வெறுங்கால் பத்து, பூட்ஸ் ஒன்று

கன்னிவாடிப் பக்கம், மலை நிழல் ஊருக்குள் இறங்குகிற சாயங்கால நேரம். கொஞ்சம் காலி இடம் கிடைத்தால் போதும், பையன்கள் பந்தை உதைக்க ஆரம்பித்துவிடுவார்கள். கழற்றி வைத்த இரண்டு ஜோடிச் செருப்புதான் கோல் போஸ்ட். காலில் ஒன்றும் கிடையாது. "படிக்கிற பிள்ளைக்கு எதுக்குடா பந்து?" என்று ஏதாவது ஒரு வீட்டிலிருந்து குரல் வராமலும் இருக்காது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்கள் 1911-ம் ஆண்டு கல்கத்தாவில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் நல்லது. அங்கேயும் வெறுங்கால்தான். ஆடியவர்களில் சிலர் கல்லூரிப் பிள்ளைகள்.

நம் நாட்டுப் பையன்களிடம் கால்பந்து வந்த கதையே ஒரு பள்ளிக்கூடத்தில்தான் தொடங்குகிறது. 1877-ல் கல்கத்தா ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, கூட்டாளிகளிடம் காசு வசூலித்துப் பந்து வாங்கினான். வாங்கி வந்தது ரக்பி பந்து! பக்கத்தில் இருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அதைப் பார்த்துவிட்டு, சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள்.

1889-ல் மோகன் பகான் கிளப் உருவானது. சரியான பயிற்சி, கட்டுப்பாடு என்று வளர்ந்து, 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று முறை டிரேட்ஸ் கோப்பையை வென்றது. ஆனால் பெரிய பரிசு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. வெள்ளைக்கார அணிகள் கைவிட்டுக் கொடுக்காத பரிசு அது. 1909-ல் முதல் தடவை அதில் இறங்கிய மோகன் பகானை கோர்டன் ஹைலேண்டர்ஸ் ராணுவ அணி 3-0 என்று வீட்டுக்கு அனுப்பியது.

அது சாதாரண காலமும் இல்லை. 1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்த கோபம் ஆறவில்லை. நம் பக்கம் வ.உ.சி. சிறையில் இருந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அதன்பின் சரியாக ஆறு வாரத்தில் வந்ததுதான் ஷீல்டு இறுதிப்போட்டி.

அந்த அணியில் யார் யார்? அபிலாஷ் கோஷ், ராஜேன் சென்குப்தா இருவரும் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரிப் பிள்ளைகள். கனு ராய் பிரசிடென்சி கல்லூரி. சுதிர் சாட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், பிற்பாடு பாதிரியார் ஆனவர். கேப்டன் சிப்தாஸ் பாதுரி கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர். பதினோரு பேரில் பூட்ஸ் போட்டு ஆடியவர் சுதிர் ஒருவர்தான். எதிரே வந்த சிப்பாய்களின் காலில் கனமான தோல் பூட்ஸ். மழைக்கால மைதானம். ஒரு மிதி விழுந்தால் விரல் நசுங்கிவிடும். அதனால் முட்டி மோதாமல், சின்னச் சின்னப் பாஸாகக் கொடுத்து வேகமாக நழுவி ஓடுவதுதான் அவர்கள் வழி.

முதல் ஆட்டமே ஒரு கல்லூரியோடு. செயின்ட் சேவியர்ஸை 3-0 என்று வென்றார்கள். அடுத்து ரேஞ்சர்ஸ் 2-1, ரைஃபிள் பிரிகேட் 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட் 1-1 என்று சமன் செய்ய, மறு ஆட்டத்தில் 3-0 என்று முடித்தார்கள்.

ஜூலை 29. கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்டோடு இறுதிப்போட்டி. சிறப்பு ரயிலிலும் ஸ்டீமரிலும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். கூட்டம் 60,000 என்றும் 80,000 என்றும் சொல்வதுண்டு. பார்க்க இடம் கிடைக்காதவர்களுக்கு, கோல் விழுந்தால் பட்டம் பறக்கவிட்டுச் சேதி சொன்னார்கள்.

முதல் பாதியில் கோல் இல்லை. பிறகு சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் அடித்தார். மைதானமே அடங்கிப்போனது. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது சிப்தாஸ் சமன் செய்தார். அடுத்து அவரே பந்தைக் கொண்டுபோய் அபிலாஷிடம் கொடுக்க, அந்தக் கல்லூரிப் பிள்ளையின் வெறுங்கால் அதை வலைக்குள் தள்ளியது. 2-1. ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி!

அந்த டிசம்பரில் வங்கப் பிரிவினை ரத்தானது. தலைநகரம் டெல்லிக்குப் போகிறது என்ற அறிவிப்பும் வந்தது. பந்தாட்டம்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், சரிசமமான களத்தில் மோதினால் இவர்களை ஜெயிக்கலாம் என்பதை அந்த ஜனங்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அதுவும் சுலபத்தில் திரும்ப நடக்கவில்லை. இன்னொரு இந்திய அணி, முகமதன் ஸ்போர்ட்டிங், ஷீல்டைத் தொட 1936 ஆயிற்று.

அன்று மாலையைப் பற்றி வங்காளத்தில் ஒரு கதை உண்டு. வெற்றி ஊர்வலத்தில் ஒரு பெரியவர், வில்லியம் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியைக் காட்டி, "அது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். அடுத்த முறை மோகன் பகான் ஷீல்டை ஜெயிக்கும்போது என்று பதில் வந்ததாம். கதை நிஜமோ, பின்னால் சேர்த்ததோ. ஆனால் மோகன் பகான் இரண்டாவது முறை ஷீல்டை வென்ற வருஷம் மட்டும் ஏட்டில் இருக்கிறது: 1947.

சாயங்காலம் பிள்ளை முழங்காலில் புழுதியோடு வந்தால், திட்டுவதற்கு முன்னால் ஸ்கோர் என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாடப் புத்தகம் எங்கேயும் போய்விடாது.